வண்டிக்கு ஓர் அட்டை, சரக்குக்கு ஒரு சீட்டு
பொம்மை ரயில் ஓட்டுபவர்களிடமிருந்து மளிகை வணிகர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு முறை

நம் தொழிலில் சரக்கே காணாமல் போவது அபூர்வம். சரக்கு எங்கே நிற்கிறது, யாருக்குப் போக வேண்டியது, காலி டப்பா யாரிடம் இருக்கிறது என்கிற விவரம்தான் அன்றாடம் காணாமல் போகிறது. முதலாளி கடையில் இருக்கும் வரை எல்லாம் அவர் தலையில் இருக்கும். அவர் ஒரு கலியாணத்துக்குப் போய் இரண்டு நாள் வெளியூரில் தங்கிவிட்டால், எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை என்று பையன்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இதற்கு எளிய பரிகாரம் ஒன்று, கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. மேலை நாடுகளில் பெரியவர்கள் பொழுதுபோக்காக ஓட்டும் மாதிரி ரயில்தான் அந்த இடம்.

மாதிரி ரயில் என்றதும் திருவிழாவில் வட்டமாகச் சுற்றும் சாவி பொம்மையை நினைத்துவிட வேண்டாம். உண்மை ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சிறிதாக்கி, ஊர், யார்டு, சிக்னல், கிட்டங்கி எல்லாம் அமைத்து ஓட்டுவது ஒரு பெரிய கலை. நம் நாட்டில் புனே நகரில் ஜோஷி குடும்பத்தார் 1998-ல் திறந்த மாதிரி ரயில் அருங்காட்சியகத்தைப் பலர் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் இதை வீட்டு நிலவறையில் அமைத்து, நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடி உட்கார்ந்து உண்மைச் சரக்கு ரயில் போலவே நடத்துவார்கள். வட்டமாக ஓட்டினால் அரை மணியில் சலித்துவிடும். இன்ன வேகனை இன்ன ஊரில் கழற்றி, இன்ன மில்லின் தண்டவாளத்தில் நிறுத்தி, அங்கிருந்து காலி வேகனைப் பூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று வேலை கொடுத்தால் மூன்று மணி நேரம் போவதே தெரியாது. அந்த வேலையை யார் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்கு விடையாக வந்ததுதான் அட்டை முறை. டக் ஸ்மித் என்பவர் 1961 டிசம்பரில் 'மாடல் ரெயில்ரோடர்' என்ற அமெரிக்க மாத இதழில் இதை விளக்கி எழுதினார். இன்றும் ஆயிரக்கணக்கானோர் அதைத்தான் கையாளுகிறார்கள்.

ஆங்கிலத்தில் இரண்டையும் கார்டு, பில் என்கிறார்கள். நம் ரயிலில் கார்டு என்றால் பச்சைக் கொடி பிடிப்பவர் என்பதால் குழப்பம் வேண்டாம். நாம் அட்டை, சீட்டு என்றே சொல்வோம்.

ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. அதில் வேகனின் எண், வகை (மூடிய வேகனா, திறந்த வேகனா, டாங்கரா), சரக்கு இறக்கிய பின் காலியாக எங்கே போக வேண்டும் என்ற மூன்று விவரம் மட்டும் இருக்கும். இவை மாறுவதில்லை; எனவே அட்டையில் யாரும் எதுவும் எழுதுவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. அட்டையின் கீழ்ப்பாதியில் ஒரு பை ஒட்டியிருக்கும். அந்தப் பையில் சரக்குச் சீட்டைச் சொருகுவார்கள். சீட்டில் எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு, யாருக்கு என்று இருக்கும். அட்டை நிரந்தரம், சீட்டு மாறிக்கொண்டே இருக்கும். முறையின் உயிர்நாடி இந்தப் பிரிவினைதான்.

நமக்குத் தெரிந்த பாதையிலேயே வைத்துப் பார்ப்போம். சென்னை - கூடூர் பாதையை ஒரு நீள மேசையில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொருக்குப்பேட்டை, எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் ஆந்திராவில் தடா, சூலூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை, கடைசியில் கூடூர். மூடிய வேகன் ஒன்றுக்கு நான்கு முகம் உள்ள சீட்டு ஒன்று எழுதுகிறோம். முதல் முகத்தில் நாயுடுப்பேட்டையிலிருந்து கொருக்குப்பேட்டைக்கு அரிசி மூட்டை. சீட்டைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டாம் முகம்: கொருக்குப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் காலி. பின்பக்கம் மூன்றாம் முகம்: கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து கூடூருக்குப் பெட்டிச் சரக்கு. நான்காவது முகம்: கூடூரிலிருந்து நாயுடுப்பேட்டைக்குக் காலி. மறுபடி முதல் முகம். ஒரு முகத்தின் முடிவு ஊர் எதுவோ அதுவே அடுத்த முகத்தின் தொடக்க ஊர். இப்படிச் சங்கிலியாக எழுதிவிட்டால், ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் சீட்டை ஒருமுறை திருப்பிச் சொருகுவதைத் தவிர யாருக்கும் மூளையைக் கசக்கும் வேலை இல்லை.

ஆட்டத்தின்போது என்ன நடக்கிறது? ரயிலில் பத்து வேகன் என்றால் ஓட்டுபவர் கையில் பத்து அட்டை, வேகன் நிற்கும் அதே வரிசையில். ஆரம்பாக்கம் வந்ததும் அட்டைகளைப் புரட்டுகிறார். சீட்டில் ஆரம்பாக்கம் என்றிருக்கும் வேகன்களைக் கழற்றி நிறுத்துகிறார். மேசை விளிம்பில் அந்த ஊருக்கென்று மூன்று அறை கொண்ட சிறு மரப்பெட்டி பொருத்தியிருக்கும்: இறக்கிய வேகன், எடுக்க வேண்டிய வேகன், இன்னும் நிற்க வேண்டிய வேகன். கழற்றிய வேகனின் அட்டையை முதல் அறையில் போடுகிறார். எடுக்க வேண்டியவை அறையில் உள்ள அட்டைகளை எடுத்து, அந்த எண் வேகன்களைத் தேடிப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறார். பேரேடு கிடையாது, எழுத்து வேலை கிடையாது. தண்டவாளத்தில் எத்தனை வேகன் நிற்கிறதோ அத்தனை அட்டை பெட்டியில் இருக்க வேண்டும். அன்று காலைதான் முதல்முறை வந்த விருந்தாளிகூட எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் ரயிலை நடத்திவிடலாம்.

குறையும் உண்டு. யாராவது அவசரத்தில் வேகனை நகர்த்திவிட்டு அட்டையை நகர்த்த மறந்தால், சாயங்காலத்துக்குள் பெட்டி ஒன்று சொல்லும், தண்டவாளம் ஒன்று சொல்லும். அதனால்தான் ஆட்டம் முடிந்ததும் ஒருவர் அட்டைகளோடு ஊர் ஊராக நடந்து, வேகன் எண்ணைப் பார்த்துச் சரிபார்ப்பார். நாம் செய்யும் இருப்புச் சரிபார்ப்பு போலத்தான், ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது கணினியே பட்டியல் அச்சிட்டுத் தருகிறது, ஜே.எம்.ஆர்.ஐ. என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பட்டியல் அச்சான பிறகு நடந்த மாற்றம் பட்டியலில் இராது. அட்டை பெட்டி மாறினால் மாற்றம் அதிலேயே தெரிகிறது.

இது விளையாட்டுக்காக யாரோ கற்பனை செய்ததல்ல. உண்மை ரயில்வேயின் காகிதத்தைச் சுருக்கிக் கட்டியது. நம் மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். ஒற்றை வேகனில் சரக்கு புக் செய்த காலத்தில் அனுப்புநர் முன்னனுப்பு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார், ரயில்வே ஆர்.ஆர். எனும் ரசீது தரும். வேகனின் பக்கவாட்டில் உள்ள சிறு இரும்புச் சட்டத்தில் எங்கிருந்து எங்கே என்று எழுதிய லேபிளைச் சொருகுவார்கள். வேகன் லேபிளோடு ஒரு வழியில் வரும். ஆர்.ஆர். தபாலிலோ வங்கி மூலமாகவோ இன்னொரு வழியில் வரும். வங்கியில் பணம் கட்டி ஆர்.ஆரை விடுவித்து, அதைக் கூட்ஸ் ஷெட்டில் காட்டினால்தான் சரக்கு. இரண்டும் ஒரே நாளில் சந்தித்தால் யோகம். வேகன் முந்தி வந்து ஆர்.ஆர். பிந்தினால் ஒன்று டெமரேஜும் வார்ஃபேஜும் கட்ட வேண்டும், அல்லது உத்தரவாதப் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சரக்கை எடுக்க வேண்டும். லேபிள் கிழிந்து விழுந்த வேகன் எந்த யார்டில் அனாதையாக நிற்கிறது என்று தேடிய கதைகள் மண்டித் தெருக்களில் ஏராளம்.

1980-களின் தொடக்கத்திலிருந்து ரயில்வே ஒற்றை வேகன், சில்லறைச் சரக்கு இரண்டையும் படிப்படியாகக் கைவிட்டு, முழு ரேக்காக மட்டும் ஓட்டத் தொடங்கியது. மூடிய வேகன் ரேக் என்றால் சுமார் 40 வேகன், இரண்டாயிரம் டன்னுக்கு மேல். அது உணவுக் கழகத்துக்கும் சிமென்ட் ஆலைக்கும் உர நிறுவனத்துக்கும் ஏற்றது, நமக்கு எட்டாதது. மளிகைச் சரக்கு லாரிக்குப் போனது இப்படித்தான். 1986-ல் ரயில்வே தகவல் அமைப்பு மையத்தை ஏற்படுத்தியதே சரக்குப் போக்குவரத்தைக் கணினியில் கொண்டுவரத்தான். இன்று எந்த ரேக் எங்கே என்று திரையில் தெரிகிறது. என்னைக் கேட்டால், ரயில்வே நம்மைக் கைவிட்டதைவிடப் பெரிய நஷ்டம், அந்தக் காகித ஒழுங்கு நம் கையைவிட்டுப் போனது. லாரிக்கு மாறியபோது லேபிளையும் விட்டோம். "டிரைவருக்குத் தெரியும்" என்பதே ஏற்பாடாகிவிட்டது.

ஆனால் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த ஒழுங்கு வேறு கதவு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கும், அதே ஆண்டு ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் ஈ-வே பில் கட்டாயம். அந்த பில்லை எடுத்துப் பாருங்கள். அ பகுதியில் சரக்கு, மதிப்பு, யாரிடமிருந்து யாருக்கு; ஆ பகுதியில் வண்டி எண். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் ஆ பகுதியை மட்டும் திருத்தினால் போதும். டக் ஸ்மித்தின் அட்டையும் சீட்டும் அப்படியே இருக்கின்றன.

ஆரம்பாக்கம் வணிகருக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் போனால்தான் ஈ-வே பில். தடாவில் இருக்கும் கடைக்கு அதே வண்டியில் அனுப்பினால் அது வேறு மாநிலம். 50,000 ரூபாயைத் தாண்டினாலே பில் வேண்டும், வரியும் சேர்த்துத்தான் மதிப்பு. நம் கிட்டங்கியிலிருந்து கும்மிடிப்பூண்டி போவதைவிடத் தடா பக்கம் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. இன்னொன்று: காம்போசிஷன் முறையில் பதிவு செய்திருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பி விற்கவே முடியாது. பில் இல்லாமல் வண்டி பிடிபட்டால், 2022 ஜனவரி முதல், உரிமையாளர் முன்வந்து விடுவித்தாலும் வரியைப் போல் இரு மடங்கு அபராதம். ஒரு மாத லாபம் ஒரே சோதனையில் போய்விடும். இத்தனையும் வண்டியில் ஏற்றும் பையனின் நினைவில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஆரம்பாக்கத்தில் ஒரு மொத்த வியாபாரி, ஒரு மினி லாரி, ஏரிக்கரைக் குப்பங்களுக்கு இரண்டு தடம், தடா பக்கம் ஒரு தடம் என்று வைத்துக்கொள்வோம். ரயில்காரர் வேகனுக்கு அட்டை வைத்தார். நாம் கடைக்கு அட்டை வைப்போம். ஒவ்வொரு சில்லறைக் கடைக்கும் கெட்டி அட்டை ஒன்று: கடைப் பெயர், ஊர், எந்தத் தடம், எந்தக் கிழமை, ஜி.எஸ்.டி. எண், கடன் வரம்பு. கீழே ஒரு பை. ஆர்டர் வந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தப் பையில் சொருக வேண்டும். சுவரில் தடத்துக்கு ஒரு பெட்டி, அதில் மூன்று அறை: ஆர்டர் வந்தது, மூட்டை எடுத்து வைத்தாயிற்று, வண்டியில் ஏறிவிட்டது. காலையில் டிரைவர் தன் தடத்து அட்டைகளைக் கடை வரிசைப்படி அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார். கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும் என்பதால், அட்டை வரிசையைத் தலைகீழாக வைத்து ஏற்றினால் வழியில் மூட்டையைப் புரட்ட வேண்டியதில்லை. இறக்கிய இடத்தில் சீட்டில் கையெழுத்து. மாலை அட்டை திரும்பி வந்து பெட்டியில் விழும். அறையில் அட்டை இல்லாமல், கையெழுத்துச் சீட்டும் இல்லாமல் ஒரு கடை இருந்தால் அன்றே கேட்டுவிடலாம். மாதக் கடைசியில் பற்று வரவு பார்க்கும்போது சண்டை போட வேண்டாம்.

ரயில் அட்டையில் நமக்கு மிகப் பயன்படும் வரி, "காலியானால் எங்கே" என்பதுதான். முட்டைத் தட்டு, சோடாப் பாட்டில் கிரேட், எண்ணெய் டின், பால் டப் ஆகியவற்றில் போகும் பணத்தை யாரும் தனியாகக் கணக்குப் பார்ப்பதில்லை. கடைக்காரர் "போன தடவையே கொடுத்துவிட்டேன்" என்பார், டிரைவர் "இல்லை" என்பார். கிரேட் போகும் ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால் காலி திரும்ப வேண்டிய எண்ணிக்கையை முதலிலேயே எழுதி, சரக்கு இறங்கியதும் சீட்டைத் திருப்பி அதே பையில் சொருகிவிடுங்கள். அடுத்த நடையில் டிரைவர் கண்ணில் முதலில் படுவது "காலி கிரேட் 4, கிட்டங்கிக்கு" என்பதாகத்தான் இருக்கும். கிரேட் வந்து சேரும் வரை அந்தச் சீட்டைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. திரும்பும் வண்டியில் இடம் இருக்கிறதே என்று மீன் பெட்டி ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை: கருவாடானாலும் நல்ல மீனானாலும், மறுநாள் அதே தளத்தில் ரவையும் மைதாவும் ஏறப் போகின்றன. அந்த வாடகை நமக்கு வேண்டாம்.

சில்லறைக் கடைக்காரருக்கு இந்த முறையின் இன்னொரு வடிவம் உண்டு. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தில் டாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் 1950-களில் தொடங்கியது. உதிரிபாகப் பெட்டியோடு ஓர் அட்டை போகும். பெட்டியை எடுத்தால் அட்டை மட்டும் திரும்பி வரும். அட்டை வந்தால்தான் அடுத்த பெட்டி தயாராகும். இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்கப் பல்பொருள் அங்காடியில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அலமாரி நிரப்பப்படுவதிலிருந்து. மோட்டார்க் கார் தொழிற்சாலை மளிகைக் கடையிடம் பாடம் கேட்டது என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

கணக்கு எளிது. சர்க்கரை நாளைக்கு 15 கிலோ விற்கிறது. வண்டி மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிறது. கடைசி 50 கிலோ மூட்டையைப் பிரிக்கும்போது ஆர்டர் அட்டையை வெளியே வைத்தால், மூன்று நாளுக்கு 45 கிலோ போக 5 கிலோ மீதி, ஏதோ தாங்கும். வண்டி ஒரு நாள் தாமதமானால் 60 கிலோ வேண்டும். 10 கிலோ குறைகிறது. வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார், சர்க்கரையோடு டீத்தூளையும் அங்கேயே வாங்குவார். ஆகவே அட்டையைக் கடைசிக்கு முந்திய மூட்டையின் தைத்த வாயில் கட்டிவைக்க வேண்டும். அந்த மூட்டையைப் பிரிக்கிறவர் அட்டையை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஏரிக்கரைக் கடைக்கு இந்தக் கணக்கு வருடம் முழுவதும் ஒன்றாக இராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலில் விசைப்படகுத் தடை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். இதற்கு மேல் பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊர்க்கட்டுப்பாட்டில் முறை வைத்துச் சுழற்றுவார்கள். நான்கு முகச் சீட்டைப் போல முறை திரும்பி வந்துகொண்டே இருக்கும். பாடு கிடைத்த நாளில் கையில் காசு. மற்ற நாளில் கடன் நோட்டு. எனவே ஏரிக்கரைக் கடையின் அட்டையில் விற்பனை அளவை மட்டும் எழுதினால் போதாது, அந்த ஊரில் முறை எப்போது வருகிறது என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வசூலுக்குப் போகும் நாளையும் கடன் வரம்பையும் அதை வைத்தே தீர்மானிக்கலாம். தடைக் காலத்தில் அரிசி, பருப்பு அட்டை ஒரு மூட்டை மேலே ஏறட்டும். பிஸ்கட், குளிர்பான அட்டை இறங்கட்டும்.

செலவு என்று பார்த்தால் நாற்பது கடைக்கு நாற்பது கெட்டி அட்டை, பழைய தபால் உறையை வெட்டி ஒட்டிய பைகள், தச்சர் அடித்துத் தரும் மூன்று பெட்டிகள். முதலில் ஒரே தடத்தில் மட்டும் தொடங்கி ஒரு மாதம் பாருங்கள். தடா தடத்து அட்டைகளை மட்டும் சிவப்பு அட்டையில் எழுதுங்கள். பின்புறம் "வரியோடு 50,000 தாண்டினால் ஈ-வே பில் எடுத்த பிறகே ஏற்ற வேண்டும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கட்டும். ஆந்திரக் கடைகளின் பதிவு எண், காம்போசிஷன் பற்றிய சந்தேகங்களை அட்டை எழுதும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் தீர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை கடை சாத்துவதற்கு முன், பெட்டியில் உள்ள அட்டைகளை எண்ணுவது யார் பொறுப்பு என்பதையும் பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள்.